ஓவியக்கூடத்தில் உடைந்த ஜாடி

ஓவியக்கூடத்தின் காபிக் கடையில் மாமியாரும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகனுக்கு வீட்டில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்திலும் எங்கேயாவது ஒரு குற்றம் நடக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற மனிதர்.

"பிள்ளையைச் சுமந்துட்டு நடக்கற மாதிரி இருக்கு அத்தை," என்று நெஞ்சில் மாட்டியிருந்த பையைத் தட்டிக் காட்டினார். இந்த வாரம் முதல் புதுச் சட்டம் என்று சொல்லி, வாசலில் காவலாளி எல்லோருடைய பையையும் முன்பக்கம் மாட்ட வைத்துத்தான் உள்ளே விட்டிருந்தார்.

"காபி ஆறுது மாப்பிள்ளை. குடிங்க."

அவர் குடிக்கவில்லை. அதே சுற்றுலா பஸ்ஸில் வந்த இளம் வங்கி ஊழியர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

"மேடம், நீங்கதான் காப்பாத்தணும். ஒரு பழைய மண்ஜாடியை உடைச்சுட்டாள்னு என் மனைவியைப் பிடிச்சு வச்சிருக்காங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. திங்கட்கிழமை அவ எங்க ஊர் மியூசியத்துல வேலைக்குச் சேரணும். உடைஞ்ச கலைப்பொருளைச் சீர்பண்ற வேலை. ராத்திரி பகலாப் படிச்சு வாங்கினது. கையெழுத்துப் போட்டா அந்த வேலையை மறந்துட வேண்டியதுதான்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"தொடவே இல்லைங்கறா. எதிர்ச் சுவர்ல படம் பார்த்துட்டு இருந்தாளாம். பின்னாடி சடசடன்னு உதிர்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினாளாம்."

அலுவலக அறையில் அந்தப் பெண் முதுகில் பையோடு, அழுது சிவந்த கண்களோடு நின்றிருந்தாள். மேஜைக்குப் பின்னால் இயக்குநர் அம்மாள். பக்கத்தில் காட்சிப் பொருள்களைப் பராமரிக்கும் காப்பாளர்.

"உள் கதவு வழியா வந்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றார் காப்பாளர்.

"ஜாடியை நாங்களும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார் மாமியார்.

அந்தப் பெண்ணையும் கணவரையும் அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் கூடத்துக்குப் போனார்கள். வாசல் காவலாளியும் கூடவே வந்தார். அகலமான மேடைமேல் ஓடுகள் குவியலாகக் கிடந்தன. தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நடந்ததிலேர்ந்து யாரும் எதையும் தொடலை. ஒரு துண்டையும் நகர்த்தலை," என்றார் காப்பாளர் பெருமையாக.

மாமியார் ஒரு துண்டின் விளிம்பை விரலால் தடவினார். மஞ்சளாக ஒரு கோடு. விரல் பிசுபிசுத்தது. மேடைக்கு நேர் மேலே எரிந்த விளக்கை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். நல்ல சூடு.

அவசரம் காதில் கிசுகிசுத்தார். "காவலாளிதான் அத்தை. ஆளோட முழியே சரியில்லை."

"அவர் முழிக்கு அவர் என்ன செய்வார்? நீங்க இங்க வந்து நில்லுங்க மாப்பிள்ளை." பிறகு காப்பாளர் பக்கம் திரும்பினார். "இவரை வச்சு நடந்ததைக் காட்டுங்களேன்."

காப்பாளர் அவசரத்தின் தோளைப் பிடித்து, சுவரைப் பார்க்க நிறுத்தினார். "இப்படித்தான் நின்னாங்க. முதுகுல பை. படக்குனு நகர்ந்தாங்க. பை ஜாடியை இடிச்சுத் தள்ளிடுச்சு."

"முதுகுல பை இருந்ததைப் பார்த்தீங்களா?"

"சத்தியமா."

"இவர் முதுகுல எங்க பை?"

அவசரத்தின் முதுகு வெறுமையாக இருந்தது. பை நெஞ்சில் தொங்கியது. காப்பாளரின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

காவலாளி தொண்டையைச் செருமினார். "அந்தம்மா பையை நான்தான் முன்னாடி மாட்டிவிட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்தப்பவும் முன்னாடிதான் இருந்துச்சு. ஆபீஸ் ரூமுக்கு நான் கூட்டிட்டுப் போனப்புறம்தான் முதுகுக்கு மாத்தினாங்க."

"புதுச் சட்டம் காப்பாளருக்குத் தெரியாதா?" என்று மாமியார் கேட்டார்.

"வாசல் காவலாளிகளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்," என்றார் இயக்குநர். "இவர் ஊழியர்களுக்கான தனி வழியா வர்றவர்."

"அதான். ஆபீஸ் ரூம்ல பார்த்த பையை வச்சுக் கதை கட்டிட்டார். இடிச்சுத் தள்ளின ஜாடி தரையில சிதறணும். இது நின்ன இடத்துலயே உட்கார்ந்துடுச்சு. அந்தப் பொண்ணு கேட்டதும் உதிர்ற சத்தம்தான். ஏற்கெனவே உடைஞ்சதை யாரோ மட்டமான பசையால ஒட்டி வச்சிருக்காங்க. விளக்குச் சூட்டுல பசை இளகிடுச்சு. ஜாடியை எடுத்து வைக்கற உரிமை இங்க யாருக்கு?"

"இவருக்கு மட்டும்தான்," என்றார் இயக்குநர்.

காப்பாளர் தலை குனிந்துகொண்டார். "நேத்து போட்டோ எடுக்கத் தூக்கினேன். வழுக்கிடுச்சு. வேலை போயிடும்னு பயந்து ஒட்டி வச்சேன்."

"கை வழுக்கறது யாருக்கும் நடக்கும்," என்றார் மாமியார். முதல் முறையாக அவர் குரலில் கோபம் ஏறியது. "உங்க வேலையைக் காப்பாத்திக்க, அந்தப் பொண்ணு இன்னும் சேராத வேலையைப் பறிக்கப் பார்த்தீங்களே. அதுதான் எனக்கு ஆறலை."

இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துக்காக வைத்திருந்த காகிதத்தை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் தயங்கி, "இதை இனிமே சரிபண்ண முடியுமாம்மா?" என்றார்.

"முடியும். முதல்ல அந்தப் பசையைக் கரைச்சு எடுக்கணும். துண்டுகளை எப்படிப் பிரிச்சு வைக்கணும்னு காட்டிட்டுப் போறேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் நடுக்கம் இல்லை.

"ஆள் யார்னு எனக்கு முதல்லயே தெரியும் அத்தை," என்றார் அவசரம்.

"தெரியும் தெரியும். வாங்க."

கூடத்தின் வாசலில் காவலாளி விறைப்பாக நின்று அந்தப் பெண்ணுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதோடு விடாமல், வழக்கம்போல் வாயைத் திறந்தார். அவரைச் சொல்ல விடாமல் அவளே பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சில் மாட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.