ரோரி கேட்ட செவ்வாய்க்கிழமை

மாணவர்களின் விவாத மன்றமான ஆந்தைச் சங்கத்தின் படிகளில் ஏறும்போது ரோரியின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

நேற்று ‘மாவுத் திங்கள்’. பிப்ரவரி வந்தால் ஏழை மாணவர்களின் ஓட்ஸ் மாவுச் சாக்கு காலியாகிவிடும். வீட்டுக்குப் போய் நிரப்பி வரப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு நாள் விடுமுறை தரும். அந்தக் காலத்து வழக்கப்படி பதின்மூன்று வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த ரோரி பன்னிரண்டு மைல் நடந்து போனான். பன்னிரண்டு மைல் மூட்டையோடு நடந்து திரும்பினான். இப்போது காது மடல்கூட வலித்தது.

“தூங்கி வழியாதடா!” அறைத்தோழன் டூகல் விலாவில் குத்தினான். “இன்னைக்கு மேடையில பேசலைன்னா இந்த வருஷம் உன்னைச் சேத்துக்க மாட்டாங்க.”

ரோரிக்கும் அந்தக் கவலைதான். சங்கத்தின் சுவர் முழுக்கப் புத்தகங்கள். உறுப்பினர்கள் எடுத்துப் படிக்கலாம். ரோரியிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. லத்தீன் பாடத்தை டூகலின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் படிப்பான். டூகலோ பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவான்.

மேசையில் பஞ்சடைத்த ஆந்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சங்கத் தலைவன் கில்பர்ட், பாதி முளைத்த மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“இன்னைய தலைப்பு, மாவுத் திங்களை அடியோட எடுத்துடணுமா, வேண்டாமா? எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அதையே மனுவா எழுதிப் பல்கலைக்கழக முதல்வர்கிட்ட கொடுப்போம்.”

“எடுத்துடலாம்! மூட்டைய வண்டியில வரவழைச்சா போச்சு” என்றான் ஒருவன்.

“எங்க ஊருக்கு வண்டியே வராதுப்பா!” என்றான் டூகல்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும். ரோரி தொப்பிக்குள் கைவிட்டு எடுத்தான். ‘எடுத்துவிட வேண்டும்’ என்றது சீட்டு.

டூகலின் முகம் வெளுத்துவிட்டது. “டேய், நீ ஜெயிச்சா அடுத்த வருஷம் நமக்குக் கஞ்சியே கிடையாதுடா!”

“பேசலைன்னா எனக்குப் புத்தகம் கிடையாது” என்றான் ரோரி பாவமாக.

“சீட்டை மாத்தித் தரச் சொல்லு.”

“மாத்தக் கூடாதாமே.”

கில்பர்ட் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தான். ரோரி எழுந்து நின்றான். வாயைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு பெரிய கொட்டாவி. அறையே சிரித்தது.

“மன்னிக்கணும்” என்றான் ரோரி. “நேத்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினேன். ஞாயித்துக்கிழமையே போயிருக்கலாம். ஆனா ஓய்வு நாள்ல பயணம் பண்ணா, எங்க பாதிரியார் அடுத்த வாரம் என் பேரைச் சொல்லியே பிரசங்கம் பண்ணிடுவாரு.”

மறுபடியும் சிரிப்பு.

“வீட்டுக்குப் போய்ச் சேந்தேன். அம்மா கஞ்சி வெச்சாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டேன், அப்படியே மேசையில தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மூட்டை தயாரா இருந்துச்சு, கிளம்புற நேரமும் ஆயிடுச்சு. லத்தீன்ல நான்தான் முதல். அதை அம்மாகிட்ட சொல்லவே இல்ல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் ஒரு விடுமுறையா? மூட்டைதான் வீட்டுக்குப் போயிட்டு வருது. அதனால இந்த ஒருநாள் விடுமுறைய எடுத்துடணும். எடுத்துட்டு, செவ்வாய்க்கிழமையும் சேத்து ரெண்டு நாளா கொடுக்கணும்!”

“இது ஏமாத்து வேலை! இவன் எங்க பக்கமா, அவங்க பக்கமா?” என்று கத்தினான் எதிர்ப்பக்கத்தில் பேச வேண்டியவன்.

கில்பர்ட் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தான். “எடுத்துடணும்னு போட்டிருக்கு. எடுத்துடணும்னுதான் சொன்னான்.” பிறகு மெதுவாகக் கேட்டான். “நிஜமாவே பன்னிரண்டு மைலா? மூட்டையோடவா?”

கில்பர்ட் எங்கேயும் வண்டியில் போய்ப் பழகியவன்.

எதிர்ப்பக்கத்தானும் பேசி முடித்தான். வாக்கெடுப்பில் டூகல் இரண்டு கைகளையும் தூக்கினான். ஒன்றைத்தான் எண்ணுவேன் என்று கில்பர்ட் அதட்டினான். அப்படி எண்ணியும் ரோரியின் பக்கமே வென்றது.

“மனுவுல ரெண்டு நாள்னு எழுதுறேன். ரோரி, வந்து நீதான் முதல் கையெழுத்துப் போடணும்” என்றான் கில்பர்ட்.

அலமாரியிலிருந்து உருவிய லத்தீன் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, ஆந்தைக்குப் பக்கத்து நாற்காலியில் ரோரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“யாராவது எழுப்புங்கப்பா.”

“வேண்டாம் தலைவரே” என்றான் டூகல். “அவன் செவ்வாய்க்கிழமைய இப்பவே எடுத்துக்கிட்டான்.”