மெல்லிசா ஊத்தணும்

எங்கள் ஊர்க் காகித ஆலையை இலையுதிர் காலத்தில் மூடினார்கள், செல்லங்களே. அய்லியின் அப்பா ரெய்னோவுக்கு அன்றோடு வேலை போயிற்று.

அதன்பின் அவர் பகலில் வெளியே போவதே இல்லை. காலையில் வேலை கேட்டு நாலு கடிதம் எழுதுவார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஆறிப்போன காபியோடு சமையலறையில் உட்கார்ந்திருப்பார்.

"வாப்பா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்," என்று அய்லி கூப்பிடுவாள்.

"பட்டப்பகல்ல சும்மா சுத்துறான்னு ஊரே பார்க்கவா? நீ போ, கண்ணு."

நாளுக்கு நாள் அப்பாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அய்லிக்குப் பயமாக இருந்தது.

ஜனவரியில் பள்ளித் திடலில் சறுக்கி விளையாடப் பனித்தளம் போட வேண்டியிருந்தது. எப்போதும் ஆலைக்காரர்கள்தான் போடுவார்கள். இந்த முறை யாரும் வரவில்லை. ஆசிரியரே குழாயைத் திறந்து, ஒரே மூச்சில் திடல் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டார். மேலே உறைந்தது. அடியிலிருந்த தண்ணீரோ வடிந்துபோயிற்று.

அய்லி கால் வைத்தாள். மளுக்! கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

பிள்ளைகள் சிரித்தார்கள். அய்லி சிரிக்கவில்லை. உடைந்த துண்டு ஒன்றைக் கையுறையில் பொதிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

அப்பா தூக்கிப் பார்த்தார். "எந்தப் புத்திசாலி போட்டான் இதை?"

"எங்க சார்தான்."

"முட்டை ஓடு மாதிரி இருக்கு! முதல்ல பனியை மிதிச்சு இறுக்கணும். அப்புறம் மெல்லிசா ஊத்தணும். அது கல்லாகிற வரைக்கும் காத்திருந்து மறுபடி ஒரு பூச்சு ஊத்தணும்."

இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று!

"நான் சொன்னா சார் நம்பமாட்டார்ப்பா. அவருக்குச் செஞ்சு காட்டினாத்தான் புரியும்."

அப்பா மூடிய ஜன்னல் திரையைப் பார்த்தார். பனித்துண்டு உருகி மேசையில் சொட்டியது.

"ஒரு பூச்சு மட்டும்," என்று பூட்ஸைத் தேடினார்.

அவர் திடலில் பனியை மிதித்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் கோர்டி வந்து நின்றார். அவரும் ஆலையில் வேலை இழந்தவர்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"டேய் ரெய்னோ! உயிரோடதான் இருக்கியா? இன்னொரு மண்வெட்டி இருக்கா?"

"இருக்கே, உன் வீட்ல! போன வருஷம் வாங்கிட்டுப் போனியே."

கோர்டி சிரித்துக்கொண்டே மண்வெட்டி எடுக்க ஓடினார். மறுநாள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அப்பா எழுதுவதையும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை அய்லி எழுந்தபோது அப்பாவைக் காணவில்லை.

"ஆறாவது பூச்சாம். விடிஞ்சதுமே போயாச்சு," என்றாள் அம்மா.

அப்பா வீட்டில் இல்லாதது அய்லிக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.