மூலையில் ஓர் அம்பு

அந்தச் சின்ன அம்பை முனீரா முதலில் தூசி என்றுதான் நினைத்தாள்.

திரையில் 'நாள் 1' என்ற மஞ்சள் ஃபோல்டரின் இடது கீழ் மூலையில், வளைந்து மேலே ஏறும் கறுப்பு அம்பு. முக்காட்டு நுனியால் துடைத்தாள். போகவில்லை. 'நாள் 2'லும் இருந்தது. 'நாள் 3'லும். நாற்பத்தொன்றிலும் இருந்தது.

அந்த நாற்பத்தொன்றும் அவள் கணவர் ஜாஃபரின் குரல். பெர்த்தில் இருக்கும் மகள் அஃப்ரீனுக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண் குழந்தை என்று தெரிந்த அன்றிலிருந்து, பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்ட நிலையிலும், பார்க்கப்போகாத பேத்திக்காக அவர் தினமும் பேசிப் பதிவு செய்தார். நாளுக்கொரு ஃபோல்டர். நாற்பத்தொன்றாம் நாளுக்கு மறுநாள் காலை அவர் எழவில்லை. இந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் பிரதி கிடையாது.

ஶ்ரீராமுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். சிராங்கூன் சாலைப் பக்கம் ஜாஃபர் வைத்திருந்த போட்டோகாப்பி கடைக்கு அடுத்த கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

"அங்கிளோட கடை தம்ப் டிரைவ்லேர்ந்து வந்திருக்கும் ஆண்ட்டி. எத்தனை கஸ்டமர் கை பட்டது அது! நா நேர்ல வரவா?"

"இத்தாவுல இருக்கேன் தம்பி. நாலு மாசம் பத்து நாளு. இன்னிக்குத் தொண்ணூத்தேழு. வெளி ஆம்பளைங்க வரக்கூடாது."

"ஓ, சாரி ஆண்ட்டி. அப்ப டிஸ்க்கைக் கொடுத்து விடுங்க."

"அது இந்த வீட்டை விட்டுப் போகாது."

அவன் சிரித்தான். "அங்கிள் மாதிரியே பிடிவாதம் லா. சரி, நா சொல்லச் சொல்லச் செய்ங்க. இது பழைய வைரஸ்தான், ஆனா லேசுல போகாது. நிஜ ஃபோல்டரை ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேர்ல, அதே மூஞ்சியோட ஒரு டூப்பை முன்னாடி உக்கார வெக்கும். நீங்க நம்பித் திறந்தா உள்ள வந்துடும். அம்பு இருந்தா டூப். கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் வழி."

வெளியே பாசிர் ரிஸ் பேட்டை முழுவதையும் மழை மூடியிருந்தது. பகல் மூன்று மணிக்கே கூடத்தில் விளக்கு போட வேண்டியிருந்தது. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் விடுமுறைக்குப் போய் ஒரு வாரம் ஆனதால், தாழ்வாரத்தில் மழையைத் தவிரச் சத்தமே இல்லை. வீட்டுக்குள்ளும் வாசனை என்று எதுவும் இல்லை. கணவனை இழந்தவள் இத்தா முடியும்வரை நறுமணம் பூசக்கூடாது என்பதால் தொண்ணூற்றேழு நாளாக, அகில் மணக்கும் ஊது அத்தர் குப்பி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஜாஃபரின் சட்டைகளில் மிச்சமிருந்த ஊது வாசமும் போன மாதமே தீர்ந்துவிட்டது.

ஶ்ரீராம் சொன்னபடி இணையக் கம்பியைப் பிடுங்கினாள். டிஸ்க்கைக் கழற்றினாள். கம்ப்யூட்டருக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெயரற்ற ஃபைலைத் தேடி அழித்தாள். திரும்ப வந்தது. அழித்தாள். மூன்றாம் முறைதான் போனது. பிறகு டிஸ்க்கைச் செருகி, அம்பு வைத்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

"இப்ப ஒளிஞ்சிருக்கறதைக் காட்டச் சொல்லுங்க."

காலியாய்க் கிடந்த திரையில், வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஃபோல்டர்கள் வரிசையாக எழுந்து வந்தன. அம்பு இல்லாமல். முனீராவின் கண்கள் நிறைந்தன. கடைசி வரிசைவரை எண்ணினாள்.

நாள் 42.

"நாப்பத்தொண்ணுதானே தம்பி இருக்கணும்?"

"அம்பு இருக்கா?"

"இல்லை."

"அப்ப அங்கிளோடதுதான். திறந்து பாருங்க."

திறந்தாள். ஒரே ஒரு பதிவு. நாற்பது விநாடி. இன்றைய தேதி. நேரம் 3.40. திரையின் கடிகாரம் 3.31 காட்டியது.

"வைரஸ் டைமையெல்லாம் குழப்பிடும் ஆண்ட்டி," என்றான் ஶ்ரீராம்.

ஓடவிட்டாள். மழைச் சத்தம். லிஃப்ட் மணி. ரப்பர் செருப்பு ஒன்று பதிந்து, மற்றொன்று தரையில் தேய்ந்து இழுபட்டு, பதிந்து, இழுபட்டு, மெதுவாக நெருங்கியது. நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும். புள்ள முனீரா..."

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் அவள், யோசிக்காமல். பேத்திக்கான ஒவ்வொரு பதிவையும் அவர் சலாத்தோடுதான் தொடங்குவார். கேட்கும்போதெல்லாம் அவள் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் அந்த நாற்பத்தொன்றில், ஒன்றில்கூட, அவள் பெயர் இல்லை. எல்லாம் பேத்திக்கு. இதில்தான் இருந்தது. கன்னம் நனைவதைக்கூட அவள் உணரவில்லை.

நாற்பது விநாடியாக இருந்த பதிவின் நீளம் இப்போது நாற்பத்து நான்கு என்று காட்டியது.

"ஆண்ட்டி, அந்த ஒண்ணு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அதை அழிச்சுடுங்க. மத்ததைப் புது டிஸ்க்குக்கு மாத்திடுவோம்."

மவுஸை 'நாள் 42' மேல் கொண்டுபோனாள். புள்ள முனீரா. தொண்ணூற்றேழு நாளாக அவளை அப்படி யாரும் கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட யாருமில்லை.

"அழிச்சுட்டேன்," என்றாள்.

எதையும் அழிக்காமல், நாற்பத்திரண்டையும் மேசையில் இருந்த புது டிஸ்க்குக்கு மாற்றினாள். பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்தது. முடிந்தபோது கடிகாரம் 3.39.

கூடத்தில் ஏதோ மணத்தது. ஊது.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

லிஃப்ட் மணி அடித்தது.

கம்ப்யூட்டரில் அல்ல. வெளியே. பிறகு செருப்பு. பதிந்து, இழுபட்டு. பதிந்து, இழுபட்டு. எதிர்வீட்டைக் கடந்து. இந்தக் கதவுக்கு முன்னால்.

"அஸ்ஸலாமு அலைக்கும். புள்ள முனீரா..."

"யாரோ வந்திருக்காங்க போல ஆண்ட்டி," என்றான் ஶ்ரீராம். "போய்ப் பாருங்க, நா லைன்லயே இருக்கேன்."

அவனுக்கும் கேட்டது.

முனீரா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறர் வாசலில் மூன்று முறை சலாம். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். ஜாஃபர் சொந்தத் தம்பி வீட்டில்கூட அதை மீறியதில்லை. மூன்று முறைதான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இரண்டு. பழகிய பதில் உதடுவரை வந்தது. விழுங்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மூன்று.

மழை. மழை மட்டும். பிறகு, செருப்பு திரும்பும் சத்தம். ஓர் அடி விலகியது. இன்னோர் அடி. அவள் கைகள் வாயிலிருந்து இறங்கின.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

அவள் குரல். அவள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் சொன்னது.

செருப்பு நின்றது. திரும்பி வந்தது.

இரும்புக் கதவின் பூட்டில் சாவி நுழைந்தது. ஜாஃபரின் சாவிக்கொத்து சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அசையாமல்.

இரும்புக் கதவு. பிறகு மரக்கதவு.

"யாரு ஆண்ட்டி?" போனில் ஶ்ரீராம். "தெரிஞ்சவங்களா?"

அதே கட்டம் போட்ட கைலி. அதே வெள்ளைத் தொப்பி. அதே சிரிப்பு, வலப்பக்கம் சற்றுக் கோணி. மழையில் வந்தவர் மேல் ஒரு துளி ஈரமில்லை. வலது காலை இழுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தார். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

இடது கீழ் மூலையில், தாடையோரம், தோலுக்குள் பதிந்து, வளைந்து மேலே ஏறியது சின்னக் கறுப்பு அம்பு.