சட்டத்தில் இல்லாத அனுமதிப்பத்திரம்

காலை 8.35. பசறை நகரில் வீரய்யாவின் குதிரைப் பந்தய நிலையத்தைத் திறந்த காசாளர் நல்லம்மா, சுவரைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். கண்ணாடிச் சட்டம் ஆணியில் தொங்கியது. அதற்குள் இருந்த அனுமதிப்பத்திரத்தைக் காணவில்லை. பணப்பெட்டியின் பூட்டு அப்படியே இருந்தது.

9.10. பதுளையிலிருந்து பரிசோதனைக்கு வந்த வரி அதிகாரி ஆர்த்திகா உள்ளே நுழைந்தபோது, ஒரு கான்ஸ்டபிள் நல்லம்மாவின் கைப்பையைக் கவிழ்த்துக் கொண்டிருந்தார்.

“சாவி இவகிட்ட இருக்கு மிஸ்,” என்றார் முதலாளி வீரய்யா. “நேத்து சம்பளம் கூட்டிக் கேட்டா. முடியாதுன்னேன். அந்தக் கோவம்.”

“நான் எடுக்கலைங்க. அந்தக் காகிதத்த வச்சி நான் என்னங்க செய்யப் போறேன்?”

நியாயமான கேள்வி என்று ஆர்த்திகாவுக்குத் தோன்றியது.

“வேற ஆரிட்டச் சாவி இருக்கு?”

“மனேஜர் யதுர்ஷன்கிட்ட. ஆனா, கொழும்புக்கு அலைஞ்சி அந்தப் பத்திரத்த வாங்கிட்டு வந்ததே அவன்தான்.”

ஆர்த்திகா சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்க ஆணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பழையபடி அழுத்தியிருந்தார்கள். கோபத்தில் செய்த வேலையல்ல.

9.25. யதுர்ஷன் எதிரே உட்கார்ந்தான்.

“பிரதி இல்லையோ?”

“ஃபைல்ல இருந்திச்சி மிஸ். அதுவும் காணோம்.”

“பத்திரத்தின்ர இலக்கம்?”

“ஞாபகம் இல்ல.”

“நேரில போயே வாங்கினீங்கள்?”

“ஆமா மிஸ். கொழும்பு ஒபிஸ்ல காலையிலேருந்து காத்துக் கிடந்தேன். பெரிய ஐயா என் கண் முன்னாலதான் திகதி போட்டுக் கையெழுத்து வச்சாரு.” சற்று நிறுத்தினான். “தொலைஞ்சிட்டா மறுபிரதி எடுக்க டைம் தருவீங்கதானே? அதுவரைக்கும் கடைய மூட மாட்டீங்கதானே?”

யார் எடுத்திருப்பார்கள் என்று அவன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஆர்த்திகா நல்லம்மாவிடம் திரும்பினார். “நீங்கள் எப்ப வேலைக்குச் சேர்ந்தனீங்கள்?”

“போன ஆகஸ்ட்டுங்க. மொத நாளு ஒரு போட்டோ எடுத்து லுணுகலையில இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். இன்னும் போன்ல இருக்கு.”

படத்தில் நல்லம்மா சிரித்தாள். தலைக்குப் பின்னால் அந்தச் சட்டம். ஆர்த்திகா விரல்களால் பெரிதாக்கினார். முத்திரை. இலக்கம். கையெழுத்தின் கீழே: 10.07.2025.

“வீரய்யா, போன ஜூலை பத்தாம் திகதி கடை திறந்ததோ?”

அவர் கைபேசியில் நாட்காட்டியைத் தேடினார். “இல்ல மிஸ். மூடியிருக்கும்.”

“ஏன்?”

“எசல போயா, பௌர்ணமி லீவு—” சொல்லி முடிக்கும்முன்பே அவர் பார்வை யதுர்ஷன் மீது போனது.

“போயாவில பந்தயக் கடை மட்டுமில்லை, அரச அலுவலகமும் பூட்டு,” என்றார் ஆர்த்திகா. “அண்டைக்கு உங்கட கண் முன்னால கையெழுத்து வச்ச பெரிய ஐயா ஆர், யதுர்ஷன்?”

படத்தில் இருந்த இலக்கத்தை ஆர்த்திகா கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பினார். 9.50க்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அந்த இலக்கத்தில் எந்த அனுமதியும் கொடுக்கப்படவில்லை.

“முதலாளி தந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டு, பொய்ப் பத்திரம் அடிச்சீங்கள். திகதி போடேக்க போயாவை மறந்திட்டீங்கள். நான் வாறன் எண்டு கடிதம் வந்ததும், பிடிபடாமல் இருக்க அதைத் தொலைச்சீங்கள். மறுபிரதி எண்டு இழுத்தடிச்சு ஓடிவிடலாம் எண்டு நினைச்சீங்கள்.”

யதுர்ஷன் தலை குனிந்தான். கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்தார்.

“நான் ஏமாந்தவன்தானே மிஸ்?” என்றார் வீரய்யா.

“ஓம். ஆனால் இந்தக் கடைக்கு ஒரு நாளும் அனுமதி இருக்கேல்லை. நான் பூட்டி முத்திரை வைக்கத்தான் வேணும்.”

10.30. கதவில் அரக்கு காய்ந்துகொண்டிருந்தது. வெளியே நல்லம்மா, கான்ஸ்டபிள் கொட்டிய தன் சாமான்களை அள்ளி வந்து பைக்குள் அடுக்கினாள். வீரய்யா அருகே வந்தார்.

“தங்கச்சி, அத்தன பேருக்கு முன்னால உன்னைய…”

“இந்த மாசம் வேல செஞ்ச நாளுக்குச் சம்பளத்தக் குடுத்துருங்க முதலாளி,” என்றாள் அவள். “நான் வேற எடம் பாத்துக்கிறேன்.”