இருபதுக்கு ஒருவர் குறைவு

வாசல் சங்கு ஊளையிட்டது. அஞ்சலை பின்வாங்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தலைக்கு மேலே சிவப்பாக எரிந்த எண்ணை அண்ணாந்து பார்த்தாள். எழுபத்தொன்று.

"நாப்பதுக்குள்ள இருந்தாதான் உள்ளே விட முடியும்மா," என்றார் வாசல் அலுவலர் பழமலை. அவர் குரலில் கண்டிப்பைவிடச் சங்கடம்தான் அதிகம். பத்து வருடமாக அவர் வீட்டுக்கு மீன் கொடுப்பவள் அவள்.

"எம் மவன் காலை ஒடிச்சவன் அந்தா, அந்த வாசல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான். அவனைப் பார்த்தா எனக்கு எழுவத்தொண்ணுதான் வரும். வேற என்ன வரும்?"

பழமலை பதிவுப் பலகையைத் தட்டினார். கிழக்கு வாசல், நிறுத்தப்பட்டவர்: ஒன்று.

வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த வக்கீல் சிங்காரவல்லி பலகையை எட்டிப் பார்த்தாள். அந்தக் கணக்கு நூறைத் தொட்டால் இன்றைய கூட்டத்துக்கான அனுமதி ரத்து. அதோடு ஆறு மாதத்துக்கு அந்தத் தரப்பு எங்கேயும் கூடக் கூடாது. ஆறு மாதம் எதற்கு, நாளை காலை பத்து மணியே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

கடல் ஏறி நாகைக் கரையை விழுங்கிப் பதினேழு வருடங்கள் ஆகியிருந்தன. வீடும் படகும் போனவர்களை அரசாங்கம் உள்நாட்டு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது. எண்ணூறு பேர் சுண்ணாம்பூருக்கு வந்தார்கள். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு ஊர்க்காரர்கள் உப்புத்தெரு என்று பெயர் வைத்தார்கள். முதலில் அது கேலி, பிறகு வசவு. இப்போது அந்தத் தெருவையே காலி செய்து, ஊருக்குத் தெற்கே தோண்டிக் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் அவர்களைக் குடியேற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அமைத்த மண்காப்பு அணி கேட்டது. நகர்மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் திடலின் நடுவே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே மண்காப்பு அணி, கிழக்கே உப்புத்தெரு. இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு நாளை காலை கை தூக்குவார்கள்.

திடலுக்குள் போக இரண்டே வழி. இரண்டிலும் வெறுப்பளவி நின்றது.

பார்ப்பதற்கு அது சாதாரணமான இரண்டு தூண்கள்தான். நடுவில் ஓர் ஆள் நடக்க இடம். நடப்பவரின் நாடித்துடிப்பு, தோலின் சூடு, கண்மணியின் விரிவு, தாடையின் இறுக்கம், நான்கையும் அரை நொடியில் பிடித்து ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். நாற்பதுக்கு மேல் போனால் சங்கு ஊதும். இருபது பேரோ அதற்கு மேலோ கூடுகிற எந்தப் பொதுக்கூட்டமும் அந்த வாசல் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டத்துக்காக வாதாடியவள் சிங்காரவல்லி.

எட்டு வருடத்துக்கு முன் இதே திடலில் பறந்த கல்லில் அவள் கணவனுக்கு ஒரு கண் போனது. மண்காப்பு அணியையே தடை செய்யச் சொல்லி ஊரில் பாதிப் பேர் கேட்டபோது அவள் மறுத்தாள். கூடுகிற உரிமையை ஒருவனிடமிருந்து பிடுங்கினால் நாளைக்கு நம்மிடமிருந்தும் பிடுங்குவார்கள் என்றாள். அமைப்புகள் இருக்கட்டும், வெறுப்பை மட்டும் வாசலில் நிறுத்துவோம் என்று அவள் வாதாடியதைக் கேட்டு நீதிமன்றமே தலையாட்டியது. வாதம் அத்தனை அழகாக இருந்தது.

அழகான வாதத்தின் விளைவு இப்போது மேற்கு வாசலில் நடந்துகொண்டிருந்தது. மண்காப்பு அணிக்காரர்கள் வெள்ளைச் சட்டையின் சலவை மடிப்புக் கலையாமல் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பன்னிரண்டு. ஒன்பது. பதினான்கு. எல்லாம் பச்சை. அங்கே சங்குக்கு வேலையே இல்லை.

அணித்தலைவர் கோதண்டம் ஒரு காலத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். பழைய வெறுப்பளவி ஒன்றை ஏலத்தில் எடுத்து, தன் கொட்டகையில் நட்டுவைத்திருந்தார். தினமும் காலையில் உப்புத்தெருக் குழந்தைகளின் படங்களை எதிரே மாட்டி, அவற்றைப் பார்த்துக்கொண்டே எண் ஏறாமல் நடக்கத் தன் ஆட்களைப் பழக்கினார். தேறாத நாற்பது பேரை இன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். இந்தப் பயிற்சியைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டபோது, மூச்சு விடவாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும் என்று சிரித்தவளும் சிங்காரவல்லிதான்.

கால் மணி நேரத்தில் கிழக்கு வாசலின் கணக்கு ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது. எரிந்த கடையின் சொந்தக்காரர் அறுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் தனிப் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணின் தாய் எழுபத்தொன்பது. உள்ளே போக முடிந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது. மற்ற நால்வர் எதிர்வாசலைப் பார்க்காமல் குனிந்தே நடந்ததால் தப்பித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் அமைதி மாத்திரையோடு வரிசையில் நடந்தார். ஒன்று போட்டால் எண் முப்பதுக்கு இறங்கிவிடுமாம். அஞ்சலை அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த தெருவுக்கே போய்விட்டார்.

நாமாவது நிதானமாக நடப்போம் என்று சிங்காரவல்லி தூண்களுக்கு நடுவே காலெடுத்து வைத்தாள். இருபது வருட நீதிமன்றப் பழக்கம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

சங்கு ஊதியது. எண்பத்தெட்டு. அன்றைக்கு அதுதான் அதிகம்.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். "நம்ம வக்கீல்தான் முதல் மார்க்கு," என்றாள் அஞ்சலை.

மேற்கிலிருந்து கோதண்டம் மெதுவாக நடந்து வந்தார். கைகளைக் கூப்பி, உங்கள் ஆட்களை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், இத்தனை கோபம் உடம்புக்கு ஆகாது என்று அக்கறையோடு சொன்னார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"எங்களுக்கு உங்க மேல ஒரு கோபமும் கிடையாதும்மா. நீங்க இந்த ஊர்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் திரும்பிப் போனதும் பழமலை சிங்காரவல்லியின் அருகில் வந்தார். யாரையும் பார்க்காமல், செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேற்கு வாசலின் வரம்பை நாற்பதிலிருந்து எட்டுக்கு இறக்க அவரால் முடியுமாம். இன்னும் முந்நூறு பேர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் அவர்கள் கணக்கு நூறைத் தாண்டிவிடும். ஆறு மாதம் அவர்களுக்குத்தான் வாய்ப்பூட்டு. யாருக்கும் தெரியாது.

சிங்காரவல்லி உடனே மறுத்துவிடவில்லை. கோதண்டத்தின் முகம் சிவப்பு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். நினைக்க நன்றாகவே இருந்தது.

"வேணாங்க," என்றாள். "இன்னிக்கு வரம்பை நீங்க திருகுவீங்க. நாளைக்கு உங்க நாற்காலியில கோதண்டத்தோட மச்சான் உக்காந்து திருகுவான். அவன்கிட்ட அப்ப நான் என்ன சட்டம் பேசறது?"

"அப்போ இவங்க கதி?"

அவள் வாசலின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தாள். பாதியை எழுதியதே அவள்தான். துக்க வீட்டு வாசலில் அழுகிறவர்களையும், பஸ் வராமல் திட்டுகிறவர்களையும் இயந்திரம் அளக்கக் கூடாது என்பதற்காகச் சேர்த்த ஒரு வரி கண்ணில் பட்டது. இருபது பேருக்குக் குறைவானால் அது கூட்டம் ஆகாது. இரண்டு குழுக்களுக்கு நடுவே முப்பது அடி இருந்தால் அவை வெவ்வேறு.

அவள் கைப்பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்துப் பழமலையிடம் நீட்டினாள். "எங்க கூட்டம் ரத்து. கணக்கு ஐம்பத்தொன்பதுல நிக்குது, நூறாகல. நல்லாப் பார்த்து எழுதிக்குங்க, தடை கிடையாது."

வரிசை முழுக்க முணுமுணுப்பு ஓடியது. கரையைக் கடல் எடுத்தபோதுகூட இத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். அஞ்சலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தாள்.

"என்ன வக்கீலு, ஓடப் போறமா?"

"நிக்கப் போறோம்க்கா. பத்தொம்பது பத்தொம்பது பேரா. திடலைச் சுத்தி, ரோட்டு ஓரத்துல."

அஞ்சலைக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும், மீன் கூறு போடுகிற வேகத்தில் ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். இருபதாவதாக வந்து நின்ற தன் தம்பியைச் சட்டையைப் பிடித்து அடுத்த வட்டத்துக்குத் தள்ளினாள். பழமலை உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தார். இது உதவி இல்லை, கடமை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் இடைவெளியையும் முப்பத்தோரு அடியாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். அரை மணியில் திடலின் வேலியைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள் நின்றன. உள்ளே இருந்தவர்களைவிட வெளியே இருந்தவர்கள் அதிகம். எல்லோருக்கும் கோபம், யாருக்கும் வாசல் இல்லை.

சிங்காரவல்லி ஒவ்வொரு வட்டத்திடமும் ஒன்றையே சொல்லிவிட்டு வந்தாள். கோதண்டம் பேசும்போது கூச்சல் போட்டு அமுக்காதீர்கள். முழுசாகப் பேச விடுங்கள். அவர் மூச்சு விடுகிற இடத்தில் பதில் சொல்லுங்கள்.

கோதண்டம் மேடையேறினார். தேன் மாதிரிக் குரல். உப்புத்தெரு மக்கள் பாவப்பட்டவர்கள் என்றார். ஆனால் அவர்கள் வந்த பிறகுதான் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கரிக்கிறது என்றார். பிறகு, பழக்கதோஷம், ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

அந்த இடைவெளியில் வேலிக்கு வெளியே இருந்து அஞ்சலையின் குரல் வந்தது. மீன் விற்ற குரல். அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"உங்க ஊரே ஒரு காலத்துல கடலுய்யா. வீடு கட்டத் தோண்டுறப்ப சிப்பியும் சங்குமா வருதே, அதெல்லாம் நாங்களா கூடையில கொண்டாந்து பொதைச்சோம்?"

திடலுக்குள் யாரோ சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைகளுக்குள்ளிருந்துதான். கோதண்டம் புன்னகை மாறாமல் தொடர்ந்தார். உப்புத்தெருவால் வேலைகள் பறிபோயின என்றார். சிமெண்டு மூட்டை தூக்கி முதுகெலும்பு நகர்ந்த ஒருவர் அடுத்த வட்டத்திலிருந்து, அந்த வேலையை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அழைத்தார். கல்லெறிந்தது, கடையை எரித்தது யாரென்று யாருக்குத் தெரியும் என்றார் கோதண்டம். தெரியும் என்று எரிந்த கடையின் சொந்தக்காரர் தேதியும் நேரமும் பெயரும் சொன்னார். பெயருக்குரியவன் மூன்றாவது வரிசையில் நெளிந்தான்.

பந்தலில் நகர்மன்றத் தலைவர் ஞானசௌந்தரி கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது பதிலுக்கு எழுந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்து உட்கார்ந்தார். மற்ற உறுப்பினர்களில் ஐந்து பேர் பின்னாலேயே வந்தார்கள்.

கோதண்டம் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நடையில் கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. இது பித்தலாட்டம் என்றார். எண்ணூறு பேரைத் துண்டு போட்டு நிறுத்தினால் அது கூட்டம் இல்லையா? அத்தனை பேரையும் வாசல் வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் கலையுங்கள் என்றார். பழமலை நாடாவை நீட்டி முப்பத்தோரு அடி என்றார்.

"அவர் சொல்றது நியாயம்தான் தலைவரம்மா," என்றாள் சிங்காரவல்லி. "இது கூட்டம்தான். இதை மறைக்க நாங்க துண்டு துண்டா நிக்க வேண்டியிருக்கு பாருங்க, அது என்னோட தப்பு. இந்த வாசலைக் கேட்டு வாங்கினவ நான்தான். இப்ப நானே கேக்கறேன், ரெண்டையும் எடுத்துடுங்க."

ஞானசௌந்தரி புருவத்தை உயர்த்தினார். "எடுத்தா அவர் ஆளுங்க எல்லாரும் வருவாங்களே."

"வரட்டும். தேறாதுன்னு வீட்ல விட்டுட்டு வந்த நாப்பது பேரும் வரட்டும். அவங்க மனசுல என்ன இருக்குன்னு ஊருக்குத் தெரியட்டும். அவர் மேற்கே பேசட்டும், நாங்க கிழக்கே நின்னு பேசறோம். கல்லை எடுத்தா போலீஸ் கையைப் பிடிக்கட்டும். வாயைத் திறந்தா நாங்க இருக்கோம்."

சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. அனுமதி பெற்ற இரண்டு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் தலைவர் வாசலை அகற்றலாம். ஞானசௌந்தரி ரத்தான சீட்டைப் பழமலையிடமிருந்து வாங்கிச் சிங்காரவல்லியிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு தாளில் நான்கு வரி எழுதினார். சிங்காரவல்லி படிக்காமலே கையெழுத்திட்டாள். பேனா கோதண்டத்திடம் போனது.

அவர் அதை வாங்கவில்லை. பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் பெயர் சொல்லப்பட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்பதை ஞானசௌந்தரியும் பார்த்தார், அவருக்குப் பின்னால் இருந்த ஐந்து பேரும் பார்த்தார்கள்.

"போடுங்க கோதண்டம்," என்றார் ஞானசௌந்தரி. "உங்களுக்குத்தான் யார் மேலயும் கோபமே கிடையாதே. வாசல் இருந்தா என்ன, போனா என்ன?"

கோதண்டத்தின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதை எடுத்துட்டா," என்றார் அவர், "நாங்க நல்லவங்கன்னு அப்புறம் எதைக் காட்டி நிரூபிக்கிறது?"