நல்ல தண்ணீருக்கு வந்த நண்டுகள்

டனிஸ்ரன், வயது இருபத்தாறு, ஊர் பேசாலை என்ற கடற்கரைக் கிராமம். இப்போது இருப்பது மொன்றியலில், லாசாலில், ஆற்றுக்குக் கிட்டவுள்ள ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு சூட்கேசோடு அங்கே வந்து சேர்ந்தான். ஊர்க்காரரான கிறகரி அண்ணையும் மனைவி எலிசாவும் மேல் வீட்டில் இருந்தார்கள். கீழே அவன் மட்டும். ஈரம் ஊறிய சுவர். தரையோடு ஒட்டிய சின்ன யன்னல். கண்ணை மூடினால் ஆறு கற்களில் மோதி இரைகிற சத்தம். அந்த இரைச்சல் கடல் மாதிரியே இருந்தது. அதனால் அவனுக்கு நித்திரை வரவில்லை.

கடல்தான் அவனுடைய அண்ணன் றெனோல்டை வைத்திருந்தது. போன மாரியில் தொழிலுக்குப் போன படகு தனியே கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. அடக்கப் பூசை வைப்போமா என்று கேட்ட பங்குச் சுவாமியிடம் அம்மா, "என்ர பிள்ளையக் கொண்டுவந்து காட்டுங்கோ, பேந்து அழுகிறன்" என்றுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போய்க் கடற்கரையில் நிற்பார். ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். மாமி மகள் ஜெயனிதான் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மா இன்னும் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் டனிஸ்ரனின் நெஞ்சில் கல்லுப்போலக் கிடந்தது.

நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. அவர்களின் கரையில் அதற்கு ஒரு முறை உண்டு. கல்லறை உள்ளவர்களுக்குக் கல்லறையில் மெழுகுதிரி, கடலோடு போனவர்களுக்குக் கரையில். ஆனால் கொளுத்துகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, கோயிலைப் பார்த்துத்தான் பேர் சொல்லவேண்டும். கடலைப் பார்த்துச் சொன்னால் அது செபமில்லை, கூப்பிட்டதாகிவிடும்.

அது டனிஸ்ரனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது கடல் இல்லையே, ஆறுதானே, நல்ல தண்ணீர்தானே என்று நினைத்தான். லாசால் கரையில் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்து வாய்விட்டுக் கூப்பிட்டான்.

"றெனோல்ட் அண்ணா… வா."

அந்த ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்று அவன் யோசிக்கவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் எலிசா பிரெஞ்சுச் செய்தி ஒன்றைப் போனில் காட்டினாள். கீழே ரிமூஸ்கிப் பக்கம், இதே ஆறு கடலோடு கலக்கிற இடத்தில், செத்த நண்டுகள் குவியலாக ஒதுங்கியிருந்தன.

"அடியில ஒக்சிசன் குறைஞ்சா இப்பிடி ஒதுங்குமாம் தம்பி. புயலடிச்சாலும் ஒதுங்கும். சிலவேளை நண்டு கழட்டிப்போட்ட வெறும் கோதுதான் கரைக்கு வரும், நாங்கள் நண்டு செத்துப்போச்செண்டு நினைப்பம்."

கிறகரி அண்ணை எட்டிப் பார்த்தார். "உது இந்த ஊர் நண்டில்லையடி. எங்கட நீலக்கால் நண்டு. அதுகளுக்கும் விசா குடுத்திட்டாங்கள் போல."

எல்லோரும் சிரித்தார்கள். டனிஸ்ரனும் சிரித்தான்.

கிறிஸ்மஸ் முடிய நண்டுகள் கியூபெக் நகரத்தில் ஒதுங்கின. பிறகு துறுவா றிவியேரில். பங்குனியில், பனிக்கட்டி உடைகிறபோது, சொரெலில். ஒவ்வொரு தடவையும் ஆற்றோட்டத்துக்கு எதிராக, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்ட.

எலிசா போனை மேசையில் வைத்தாள். "கடல் நண்டு நல்ல தண்ணியில சீவிக்காது. இவ்வளவு தூரம் அதுகளால நீந்தவும் ஏலாது. எதையோ பிடிச்சுக்கொண்டு வந்து, வாற வழியில செத்துச் செத்து விழுகுதுகள்."

"கப்பலைப் பிடிச்சிருக்கும்" என்றார் கிறகரி அண்ணை.

டனிஸ்ரன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

கடலில் போனவர்களை நண்டுகள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று கரையில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதற்குப் பிறகு கீழறையின் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு மணம் வரத் தொடங்கியது. உப்பு, மண்ணெண்ணெய், காயாத வலை. எலிசா புளிச்சாறும் சோடாவும் ஊற்றிக் கழுவினாள். மணம் போகவில்லை.

சித்திரையில் ஒரு காலை, ஆற்றின்மேல் பனிப்புகார் மூடிக் கிடந்தது. கிறகரி அண்ணை படியில் நின்று கூப்பிட்டார். "டேய் டனிஸ், வந்து பார். எங்கட கரைக்கே வந்திட்டுதுகள்."

கற்களுக்கிடையே நண்டுகள் மல்லாந்து கிடந்தன. கிறகரி அண்ணை ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "கறிக்கு உதவாது. பொறு, காருக்குள்ள கையுறை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்." அவர் புகாருக்குள் மறைந்தார்.

டனிஸ்ரன் குனிந்து ஒரு நண்டைப் புரட்டினான். முதுகு பிளக்கவில்லை. கழற்றிப்போட்ட கோது இல்லை, கனத்தது. அதன் கொடுக்கு எதையோ இறுக்கிக்கொண்டிருந்தது. பழுப்புத் துணி. ஓரத்தில் வெள்ளை நூல் தையல்.

உத்தரியம். கடலுக்குப் போகிற அண்ணனின் கழுத்தில் அம்மா தைத்துப் போட்டுவிட்ட செபத் துணி.

அவன் அம்மாவுக்குப் போன் எடுத்தான். அங்கே பின்னேரம், போனுக்குள் அலை இரைந்தது. நடந்ததை எல்லாம் சொன்னான்.

அம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"எங்கால பாத்துக் கூப்பிட்டனி?"

"ஆத்தைப் பாத்து, அம்மா."

"அப்ப வந்திட்டான்."

"அம்மா, நான் இப்ப முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். போய் இளைப்பாறு எண்டு சொல்லப்போறன்."

"போ எண்டு சொல்ல நீ ஆரடா? பெத்தவள் நான். போனை ஆத்துப் பக்கம் பிடி."

"வேண்டாம் அம்மா…"

"பிடியடா!"

அவன் பிடிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டார். அந்தக் குரல் போனைத் தாண்டிப் புகாரெல்லாம் பரவியது.

"றெனோல்ட்! வா ராசா!"

ஆற்றின் இரைச்சல் நின்றது.

பின்னால் ஒரு கல் புரண்டது. பிறகு இன்னொன்று.

அவன் திரும்பவில்லை. அந்த மணம் மூக்கை அடைத்தது. அவனுடைய கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அது கீழே வழிந்து உதட்டோரம் வந்தது.

உப்பு.

"ஓம் ராசா," என்றார் அம்மா போனுக்குள். "கேக்குது."

டனிஸ்ரன் வாயே திறக்கவில்லை.

"ஓமோ… கனதூரம் நடந்தனியோ… குளிருதோ மோனை?" அம்மாவின் குரல் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரிக் குழைந்தது. "தம்பி, போனை அண்ணாட்டக் குடு."

அவனுடைய தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. விரல்களுக்கிடையில் ஒரு சின்ன நண்டு இன்னும் உயிரோடு அசைந்தது.

டனிஸ்ரன் போனை விட்டான். அது கல்லில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவன் ஓடினான். காருக்கருகில் கையுறையோடு நின்ற கிறகரி அண்ணை அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றார் மெல்ல. "அங்க உன்ர போனில கதைச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?"

அடுத்த நாள் வேறொரு போனில் அம்மாவை எடுத்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மா சிரித்தார்.

"நீதான் பயந்து ஓடிட்டாய் எண்டு அண்ணன் சொன்னவன். பரவாயில்லை, கோவமில்லையாம். இந்த முறை நான்தானே கூப்பிட்டனான். என்னட்டத்தான் வாறானாம்."

"அம்மா, இனிக் கடற்கரைக்குப் போகாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

"வாற பிள்ளையை எதிர்கொள்ள ஆரும் போகாமல் இருப்பினமோ?"

லாசால் கரையில் அதற்குப் பிறகு நண்டுகள் ஒதுங்கவில்லை. குழாயின் மணமும் போய்விட்டது. கிறகரி அண்ணை அந்தக் காலையைப் பற்றிப் பேசுவதேயில்லை.

போன கிழமை ஜெயனி ஒரு படம் அனுப்பினாள். பேசாலைக் கரை முழுக்கச் செத்த உயிர்கள். "மச்சான், இது என்ன சாமான்? இறாலெண்டா நண்டுக் கொடுக்கு இருக்கு. இஞ்ச ஒருத்தருக்கும் தெரியேல்லை."

எலிசா படத்தைப் பார்த்து வாயில் கையை வைத்தாள்.

"இது எங்கட ஆத்து இறால் தம்பி. இஞ்ச கல்லுக்குக் கீழ கிடக்கிறது. உப்புத் தண்ணியில செத்துப்போம்."

டனிஸ்ரன் படத்தைப் பெரிதாக்கினான். மூலையில், முழங்காலளவு தண்ணீரில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அம்மா நின்றார்.

அன்றிலிருந்து அம்மாவும் ஜெயனியும் போன் எடுக்கிறார்கள் இல்லை. ஊருக்குப் போக டனிஸ்ரனுக்கு டிக்கட் கிடைக்க இன்னும் நாள் இருக்கிறது. இதை வாசிக்கிற யாராவது பேசாலையில் இருந்தால், பின்னேரத்தில் டனிஸ்ரனின் அம்மாவைக் கடற்கரைக்குப் போக விடாதீர்கள். போயிருந்தால், தயவுசெய்து பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.