நான்காவது கேமரா

நிறுத்திய பிறகும் அந்தப் படம் அசைந்தது.

நிர்மலா மவுஸை விட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மண்ணரைப் பகுதியில் இருந்த அந்தச் சாயப்பட்டறைக்கு விடுமுறை. மாடி ஆபீஸில் அவள் மட்டும்தான். கீழே கேட்டருகே நரைத்த மீசை வாட்ச்மேன் நல்லான் இருந்தார். மெஷின்கள் ஓடாத மத்தியானத்தில் கட்டடத்துக்கு வேறொரு சத்தம் வந்திருந்தது. எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டு விக்கியது, சுவருக்குள் எதுவோ வழிந்தது, மூடிய ஜன்னலையும் மீறி அழுகிய முட்டை வாடையும் வெந்த சாயத்தின் காரமும் ஒன்றாய் வந்து நாக்கடியில் எண்ணெய்ப் பிசுக்காகத் தங்கின. எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

காலையில் மேனேஜர் முகிலன் போன் செய்திருந்தார். "நாளைக்குத் துணி வாங்கற ஃபாரின் பையர் வர்றாங்க நிர்மலா. நம்ம வெப்சைட்ல பிளான்ட் படம் வருதில்லீங்க, அதுல நாலாவதுல ஏதோ கறுப்பா மெதக்குதுன்னு மெயில் போட்டிருக்காங்க. இன்னைக்கே பாத்துச் சரி பண்ணிக் குடுத்துருங்க."

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விடுகிறோம் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட அவளே எழுதிய பக்கம் அது. சுத்திகரிப்பு பிளான்டில் நான்கு கேமராக்கள். அவை எடுக்கும் படங்களை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கும். நான்காவது கேமரா பின்புறத்துக் கசடுத் தொட்டியைப் பார்த்தபடி இருந்தது. ஏதோ பழைய படம் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஃபயர்ஃபாக்ஸில் நிரலின் பிழை தேட உதவும் ஃபயர்பக்கைத் திறந்து, படத்தை மாற்றும் வரிக்கு எதிரே கிளிக் செய்தாள். சிவப்புப் புள்ளி விழுந்தது. பிரேக்பாயிண்ட். இனி அந்த வரிக்கு வந்ததும் நிரல் நின்றுவிடும். அவள் விடும்வரை ஒரு படமும் மாறாது.

மூன்று படங்கள் நின்றன.

நான்காவதில் கசடின் மேல்பரப்பு உப்பியது, தணிந்தது. மறுபடியும் உப்பியது. யாரோ அதற்கடியில் படுத்து மூச்சு விடுவதுபோல.

படக் கோப்பின் பெயரைப் பார்த்தாள். அதே பெயர்தான். அது வீடியோ இல்லை, ஒரே ஒரு போட்டோ. போட்டோ அசைய வழியே இல்லை. F10 விசையை அழுத்தி நிரலை ஒரு வரி மட்டும் நகர்த்தினாள். தொட்டியின் ஓரத்தில் கிடந்த கறுப்புத் திட்டு நடுவுக்கு வந்திருந்தது. இன்னொரு வரி. அது மேலே மிதந்தது. துணி பின்னும் நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் குழாய்த் துணியைப்போல ஆள் நீளத்துக்கு, ஊறிப்போய், கொழகொழவென்று.

துணிதான். யாரோ வேஸ்ட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அவளுக்கு உயிர் வந்தது. நல்லானின் செல்லுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"நல்லாண்ணா, பின்னாடி கசடுத் தொட்டியில துணி கெடக்குதுங்களா பாருங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. இருமல். பிறகு அவர் குரல். "ஆமாங்க அம்மிணி. எவனோ வீசிட்டுப் போயிருக்கறான். யப்பா, நாத்தம் கொடலப் புடுங்குதுங்க."

"கம்பால இழுத்து வெளிய போட்டுருங்ண்ணா. நாளைக்குப் பையர் வர்றாங்க."

"செரிங்க."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். படத்தில் நல்லான் இல்லை. இருக்கவும் முடியாது, அவர் அங்கே போவதற்கு முன்பு எடுத்த படம் அது. ஆனால் துணியின் ஒரு முனை மெல்லத் திரும்பியது, தொட்டிப் படிக்கட்டின் பக்கம். அவர் நிற்கக்கூடிய பக்கம். முனை திறந்தது. உள்ளே சிவப்பு. விளிம்பில் ஈறுபோல வெளிறிய சதை. துணியில் நூல் இழைகள் இல்லை. மயிர்க்கால்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கொப்புளமாக வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

போனை நோக்கிக் குனிந்தாள்.

"அண்ணா, வேண்டாங்ண்ணா. வந்துருங்க."

"இருங்க அம்மிணி, கம்புல மாட்டிக்கிச்சு."

"கம்பை உட்டுட்டு வாங்க!"

"என்ன இது, கெட்டியா இழுக்குதுங்..."

உறிஞ்சும் சத்தம். அடிச் சோற்றுக் கஞ்சியை உறிஞ்சுவதுபோல நீளமாக. அதற்குள்ளே, அடைபட்ட வாயிலிருந்து, ஒரு முனகல்.

பிறகு அதுவும் இல்லை.

நிரலை ஓடவிட்டால் இப்போதைய படம் வந்துவிடும். வராவிட்டால் தேவலை. ஆனால் அவரை அங்கே அனுப்பியது அவள்தான். சிவப்புப் புள்ளியை நீக்கிவிட்டு F8 விசைமேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

படம் மாறியது.

தொட்டியின் விளிம்பில் இரண்டு கால்கள் நின்றன. காக்கி பேண்ட், ரப்பர் செருப்பு. இடுப்புக்கு மேலே அந்தத் துணிக்குழாய். இறுக்கமான பனியனைத் தலைவழியாகப் போட்டுப் பாதியில் சிக்கிக்கொண்ட குழந்தையைப்போல.

அடுத்த படம். முழங்கால்வரை.

அடுத்தது. ஒற்றைச் செருப்பு.

அவள் சிவப்புப் புள்ளியை மறுபடி வைத்தாள். நிரல் நின்றது. குழாய் நிற்கவில்லை. அதன் உடம்பில் ஒரு வீக்கம் மேல்நோக்கி ஊர்ந்தது. நிதானமாக. மேல் முனை பிதுங்கியது. பனியன் கழுத்துவழியாக வருவதுபோல அதிலிருந்து ஒரு தலை வந்தது. தோல் இல்லை. கண்குழிகளில் ஊதாக் கசடு தளும்பி வழிந்தது. வாய் மட்டும் முழுசாக இருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தது.

மேஜைமேல் கிடந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அம்மிணி," என்றது நல்லானின் குரல், நுரைத்துக்கொண்டு. நின்றுபோன படத்தில் அந்த உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன. "இப்பச் செரியாத் தெரியுதுங்களா?"

அது கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பற்களுக்கிடையே நரைத்த மீசை சிக்கியிருந்தது.